செவ்வாய்க்கிழமைக் கொக்குகள்

அமெரிக்காவில் புட்பால் என்று ஒரு விளையாட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாணிக்கராஜ் அண்ணாச்சிதான். எண்பத்து மூன்றாம் வருஷம் செவ்வாய்க்கிழமைக் காலைகளில் அவர் மட்டும் ரேடியோவிலிருந்து காதை எடுத்திருந்தால், அங்கே பந்து அந்தரத்திலேயே நின்றிருக்கும். பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தபடி பனியில் விறைத்துப் போயிருப்பார்கள். அந்த ஊர் ரெப்ரி ஒருநாள் டிரங்க் கால் போட்டு, "விசில் ஊதலாமா அண்ணாச்சி?" என்று கேட்டதாகவும், "திருவேங்கடம் வண்டியை அனுப்பிட்டுச் சொல்லுதேன், லைன்ல நில்லும்" என்று இவர் பதில் சொன்னதாகவும் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பது இங்கே அவசியமில்லை.

பஸ் ஸ்டாண்டின் நடுவில் கம்பி வலை போட்ட ஒரு கூண்டு அறை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு கடிகாரம், ஒரு மைக். கூரைக்கு மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள், ஒன்று கிழக்கே பார்த்து, இன்னொன்று மேற்கே பார்த்து. அந்த மைக் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது புறப்படுகிறது, எது இன்னும் வரவில்லை என்று சொல்வதுதான் மாணிக்கராஜின் வேலை. முதலில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு கூண்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். ஆள் ஒல்லி, குரல் கனம். "குருவிகுளம், இளையரசனேந்தல் வழியாகக் கோவில்பட்டி செல்லும் பேருந்து" என்று அவர் சொன்னால், கோவில்பட்டியில் ஒரு சோலியும் இல்லாதவனுக்குக்கூட ஏறி உட்காரத் தோன்றும்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வராத வண்டி வராத வண்டி அல்ல, தாமதமான வண்டி. "ரத்து" என்று டைம் கீப்பர் வாயால் சொல்கிறவரை அது எங்கேயோ வந்துகொண்டுதான் இருக்கிறது. பயணிகள் எத்தனை தடவை வலையைத் தட்டிக் கேட்டாலும் மாணிக்கராஜ் அசைய மாட்டார். "வருது, வருது" என்பார். இருட்டிய பிறகுகூட அப்படிச் சொல்லி ஆட்களை உட்கார வைத்திருக்கிறார். பல தடவை வண்டியும் வந்திருக்கிறது.

அவருக்கு ஒரே மகன். பெயர் ஜெபசிங். மனைவி மஞ்சள் காமாலையில் போன பிறகு தனியாக வளர்த்த பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பம்பாய் போய், சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர் ஆனான். தகப்பன் பஸ்ஸுக்கு மைக், மகன் கப்பலுக்கு மைக் என்று ஊரில் சிரிப்பார்கள். ஒரு குளிர்காலத்தில் எல்ம்போர்ட் என்ற அமெரிக்க ஏரித் துறைமுகத்தில் தண்ணீர் பாறையாக உறைந்து அவன் கப்பல் மாட்டிக்கொண்டது. வேறு வேலை இல்லாமல் அந்த ஊர் டீமின் ஆட்டத்தைப் பார்க்கப் போனான். எல்ம்போர்ட் ஹெரான்ஸ். ஹெரான் என்றால் கொக்கு. அன்றிலிருந்து பைத்தியம்.

லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு நீலக் கம்பளி மப்ளர் கொண்டுவந்தான், நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கு. சிற்றலை ரேடியோ ஒன்றும் கொண்டுவந்தான். அமெரிக்காவில் திங்கள் ராத்திரி நடக்கும் ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமைக் காலை. அந்த நாட்டுப் பட்டாளக்காரர்களுக்காக நடத்துகிற ஸ்டேஷனில் வர்ணனை வரும், மற்ற ஆட்டங்களின் முடிவையும் இடையில் வாசிப்பார்கள் என்று முள்ளைத் திருப்பிக் காட்டினான்.

"நல்லா ஆடுவாங்களோ?" என்று மாணிக்கராஜ் கேட்டார்.

"நம்ம ஊரு மழை மாதிரிப்பா. இந்தா வருது, இந்தா வருதும்பாங்க. வராது."

"பிறகு எதுக்குலே அவங்களைப் புடிச்சுக்கிட்டு அலையுதே?"

"மழை வராதுன்னு கரிசக்காட்டுல விதைக்காமலா இருக்காங்க?"

அந்த லீவில்தான் அவனுக்கும் தங்கபாய்க்கும் கல்யாணம் நடந்தது. அவள் திருவேங்கடத்தில் பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுக்கிறவள். சேர்ந்து இருந்தது அந்த ஒரு லீவு மட்டும்தான். கிளம்புகிற அன்று அவள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு ஜெபசிங் சொன்னான்: "கொக்கு டீம் கப்பு வாங்குற வருஷம் கப்பலை விட்டு எறங்கி வந்துருதேன், போதுமா?"

"வாங்காட்டா?" என்றாள்.

"வாங்காட்டா ரிட்டயராகித்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சு. அடுத்த ஜனவரியில் வட அட்லாண்டிக் புயலில் அந்தக் கப்பல் காணாமல் போனது. தேடிப் போனவர்களுக்கு ஒரு மிதவை வளையம் கிடைத்ததாம், வேறு ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. பிறகு இறப்புச் சர்ட்டிபிகேட்டும் வந்தது.

சபையில் ஒருவர் செத்தால் வேதக்கோவில் மணியை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அடியாக அடிப்பார்கள். துக்கமணி. அது கேட்டதும் கடைவீதியில் தராசு பிடித்திருக்கிறவன்கூடக் கையை நிறுத்தி "யாருக்கு?" என்று கேட்பான். ஜெபசிங்குக்கு அந்த மணி அடிக்கப்படவில்லை. சபைப் பாதிரியாரான ஐயர் வீட்டுக்கு வந்து பதமாகக் கேட்டுப் பார்த்தார்.

"உடம்பு இல்லாம எப்படி ஐயரே அடிக்க?" என்றார் மாணிக்கராஜ். "நாளைக்கே அவன் பஸ்ஸை விட்டு எறங்கி வந்து நின்னா, அடிச்ச மணியத் திரும்ப வாங்க முடியுமா?"

ஐயர் சங்கீதம் ஒன்று வாசித்தார். ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

மணி அடிக்காததால் தங்கபாய் விதவையும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. கலர்ச் சேலை கட்டினால் ஒரு வீட்டில் முணுமுணுப்பு. வெள்ளை கட்டினால் மாமனார் முகம் செத்துப்போகும். மாமனாரோடேயே இருந்தாள். காலையில் திருவேங்கடம் வண்டி, சாயந்திரம் திரும்பி வருகிற வண்டி. அந்த வண்டியில்தான் தேவதாசன் அவளைப் பார்த்தார். குருவிகுளம் பக்கம் வாத்தியார். முதல் மனைவி பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். அவர் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேராக ஐயரிடம் போய்க் கேட்டார். ஐயர் தங்கபாயிடம் கேட்டார். அவள் சொன்னது இதுதான்: "மாமா மணியடிக்கச் சொல்லட்டும். அவங்க சொல்லாம நான் எங்கேயும் போக மாட்டேன்."

ஐயர் மறுபடி மாணிக்கராஜிடம் வந்தார். அது எண்பத்து மூன்று ஆகஸ்டு.

"அந்தப் பிள்ளைக்கும் வயசு போகுதுல்லா?"

"இந்த சீசன் முடியட்டும் ஐயரே."

"எது? பருத்தியா, மொளகாயா?"

"புட்பால் சீசன்."

ஐயர் அன்று ஜெபம் பண்ணாமலே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் மாணிக்கராஜ் மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்காருவார். வெளியே வெயில் செங்கல்லைச் சுடும். இவர் கம்பளிக்குள் வேர்த்து வடிவார். துணைக்குப் பாதுஷா வருவார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், கண்டக்டர் காலத்துச் சிநேகிதர். வீட்டுக் கூரையிலிருந்து பூவரச மரம் வரைக்கும் செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

"காலால உதைக்கதாவே தெரியலியே அண்ணாச்சி. எல்லாவனும் கையில வச்சுக்கிட்டுல்லா ஓடுதான். பிறகு என்ன மயித்துக்குப் புட்பால்னு பேரு?"

"பேரை விடும்வே. ஆட்டத்தைக் கேளும். பத்து கெஜம் முன்னால போகணும், நாலு சான்சு. மழை பெஞ்ச பிறகு இளையரசனேந்தல் ரூட்டுல நம்ம வண்டி கரிசல்ல மாட்டிக்கிட்டுன்னு வையும். டிரைவர் தம் கட்டி ஒரு மிதி மிதிக்கான், மூணு கெஜம் வருது. பயணியெல்லாம் எறங்கித் தள்ளுதான், இன்னும் ரெண்டு. நாலாவது தடவையும் பத்து கெஜம் தேறலேன்னா வண்டிய எதிர்க்க நிக்கவன் கையில குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

"எதிர்க்க நிக்கவன் எவன்?"

"பிரைவேட் பஸ்காரன்."

பாதுஷாவுக்கு அதோடு ஆட்டம் முழுக்கப் புரிந்துவிட்டது.

கொக்குகள் முதல் நாலு ஆட்டமும் தோற்றன. மாணிக்கராஜ் துளியும் கலங்கவில்லை. அதுதான் பாதுஷாவுக்கு ஆச்சரியம். பக்கத்துத் தெருப் பையன்கள் கபடியில் தோற்றாலே சோறு இறங்காத மனுஷன், இதில் ஒவ்வொரு தோல்விக்கும் காப்பியை நிதானமாக உறிஞ்சிக் குடித்தார். தோற்றால் மகன் வரத் தாமதமாகிறது, அவ்வளவுதானே. தாமதம் அவருக்குப் பழகிய சரக்கு.

ஐந்தாவது ஆட்டத்தில் கொக்கு ஜெயித்தது. ஆறாவதிலும். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. வராது வராது என்றிருந்த மழை சட்டென்று பிடித்துக்கொண்டு ஊற்றினால் விதைத்த சம்சாரிக்கு முதலில் சந்தோஷம், பிறகு ஒரு பயம் வருமே, அப்படி. மாணிக்கராஜுக்குத் தூக்கம் குறைந்தது. வீட்டு வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதை நிறுத்தினார். கேட்டால், "எலி உள்ளே மாட்டிக்கிடுது" என்றார். எலி கதவைத் திறந்துகொண்டா வெளியே போகும் என்று தங்கபாய் கேட்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை அது முதல் தடவையாகக் கேட்டது. வர்ணனைக்காரன் குரல் மங்கி, கரகரவென்று இரைச்சல் ஏறி, அந்த இரைச்சல் கடல் மாதிரி வந்து வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தட்டல். குட்டையாக ஒன்று. நீளமாக மூன்று.

மாணிக்கராஜ் ரேடியோப் பெட்டியோடு காதை ஒட்டி வைத்தார்.

ஜெபசிங் வீட்டுக் கதவைத் தட்டுவது அப்படித்தான். அவன் பெயரின் முதல் எழுத்தைத் தந்தி மொழியில் அடிப்பானாம். டொக். டொக்... டொக்... டொக்... லீவு முழுக்க, பல் விளக்கப் போய்விட்டு வந்தால்கூட அப்படித் தட்டித்தான் உள்ளே வருவான்.

"பாதுஷா, கேட்டீரா?"

"கேட்டுச்சு. கப்பல்காரங்க அடிக்கிற தந்தி அண்ணாச்சி. பக்கத்து ஸ்டேஷன்லேருந்து கசியும். எல்லா ரேடியோவுலயும் வரும்."

"அப்போ கப்பல்லேருந்துதான் வருது."

 பாதுஷா ஏரியல் கம்பியைச் சரிபார்க்கப் போவதுபோல மழையில் இறங்கிப் போய்விட்டார்.

தங்கபாய் அடுக்களையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்ததை மாணிக்கராஜ் அப்போது கவனிக்கவில்லை. அடுத்த செவ்வாயிலிருந்து அவள் காப்பியைப் போட்டு வைத்துவிட்டு, வண்டிக்கு நேரம் கிடக்கும்போதே கொல்லைப்புற வழியாகக் கிளம்பிப் போய்விடுவாள். ரேடியோ அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் கோபமும் வந்தது. புருஷன் திரும்பி வரப்போகிறான், இவள் இப்படி ஓடுகிறாளே என்று.

டிசம்பர் வந்தபோது அவருக்கு வாய் அடங்கவில்லை. ஒரு செவ்வாய் மத்தியானம் கூண்டுக்குள் ஏறி மைக்கைத் தட்டி, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். எல்லோரும் மூட்டையைத் தூக்கினார்கள். "எல்ம்போர்ட் கொக்குகள் இருபத்து நாலு. எதிர் டீம் பத்து." மூட்டையைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையரசனேந்தல் கிழவி ஒருத்தி வலையருகே வந்து, "தம்பி, இருபத்து நாலாம் நம்பர் பஸ்ஸு எங்கன நிக்கி?" என்று கேட்டாள். அன்று சாயந்திரமே மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "மகன் சம்பந்தப்பட்ட விஷயம் சார்" என்று மாணிக்கராஜ் சொன்னார். மேலாளர் அதற்கு மேல் கேட்காமல் அனுப்பிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து ஊர் அவரைக் "கொக்கு அண்ணாச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தது. பையன்கள் கூண்டுக்கு முன்னால் வந்து ஒற்றைக் காலில் நிற்பார்கள். அவருக்குக் கோபம் வராது. "நல்லா நில்லுலே, காலு நடுங்குது பாரு" என்பார்.

தட்டல் மட்டும் நின்றபாடில்லை. சில வாரம் வராது. வராத வாரங்களில் அவர் ஆட்டத்தைக் கேட்காமல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார். கொக்குகள் ஜெயித்துக் கொக்குகள் ஜெயித்து, கடைசியில் கப்புக்கான ஆட்டத்துக்கே வந்து நின்றன. பொங்கல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கென்று பார்த்துக் காலை ஷிப்டுக்காரர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாணிக்கராஜ்தான் கூண்டில் உட்கார வேண்டியதாயிற்று. ரேடியோவைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்தார். கம்பியை வலையில் மாட்டினார். மப்ளர் கழுத்தில். பாதுஷா எதிரே தன் கடையில் இன்னொரு ரேடியோவைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

கொக்குகள் பின்தங்கின. சமன் செய்தன. மறுபடி பின்தங்கின. மாணிக்கராஜ் ஒரு காதில் அமெரிக்காவும் ஒரு காதில் சங்கரன்கோவிலுமாக வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். ராஜபாளையம் வண்டியைத் தென்காசிக்கும் தென்காசி வண்டியை ராஜபாளையத்துக்கும் ஒருமுறை மாற்றிச் சொன்னார், டிரைவர்களே திருத்திக்கொண்டார்கள். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது கோவில்பட்டி வண்டியை அறிவித்தவர் மைக் ஸ்விட்சை அணைக்க மறந்துபோனார்.

குழாய் ஸ்பீக்கர் இரண்டிலும் அமெரிக்க ஜனங்களின் இரைச்சல் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கொட்டியது. பூக்காரி பயந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கனயோ கலவரம்லா?" என்றார் ஒருவர். "மெட்ராஸ்ல கூட்டம்வே" என்றார் இன்னொருவர். யாரும் நகரவில்லை. புரியாத பாஷையில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவதை ஊரே நின்று கேட்டது. கொக்கு டீம்காரன் ஒருவன் கையில் பந்து அகப்பட்டுவிட்டது. ஓடுகிறான். ஒருவனைத் தட்டிவிட்டான். இன்னொருவனைத் தாண்டிவிட்டான். மாணிக்கராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

இரைச்சல் ஒரு கணம் அமுங்கியது. அந்த இடைவெளியில் வந்தது. கூரை மேலிருந்து, ஊருக்கே கேட்கும்படி.

டொக். டொக்... டொக்... டொக்...

திருவேங்கடம் வண்டி நிற்கிற இடத்தில் தங்கபாய் தையல் பையோடு நின்றிருந்தாள். கம்பி வலை வழியாக அவர் பார்த்தார். பை அவள் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் குழாயை அண்ணாந்து பார்த்தாள்.  சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள், அடுக்களையிலிருந்து எழுந்து வருகிறவள் துடைப்பதுபோல. ஒரு எட்டு முன்னால் வைத்தாள். வாய் அசைந்தது. சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்த ஒரு லீவு முழுக்க அந்தத் தட்டலுக்கு அந்த வீட்டில் அவள் சொன்ன பதில் அது.

"வாரேன்."

 மாணிக்கராஜுக்குப் பாத்திரச் சத்தம் நின்றுபோன அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. கொல்லைப்புறம் வழியாக அவள் ஓடியது ரேடியோவிடமிருந்து அல்ல. அன்றைக்கு அவளும் கேட்டிருக்கிறாள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும், கேட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவோமோ என்று பயந்துதான் வீட்டை விட்டே போயிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவளை எழுப்பி எழுப்பி விடுகிற தட்டல் அது. அவனாகத் தட்டவில்லை, இவர்தான் அவனை வெளியே நிறுத்தி வைத்துத் தட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பனியில், தண்ணீரில், மூன்று வருஷமாக.

இரைச்சல் திரும்பப் பொங்கியது. வர்ணனைக்காரன் அலறினான். ஓடுகிறவனுக்கு முன்னால் இருபது கெஜம், பத்து கெஜம், தடுக்க ஒருத்தன்தான்...

மாணிக்கராஜ் குனிந்து ரேடியோவை அணைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் காது அடைத்தாற்போல இருந்தது. "என்னாச்சு வே? அண்ணாச்சி, என்னாச்சு?" என்று யாரோ கத்தினார்கள். பாதுஷா கடை வாசலுக்கு ஓடி வந்தார். இவர் பக்கம் பார்த்தார். இவர் நின்ற நிலையைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

மைக் இன்னும் உயிரோடு இருந்தது. மாணிக்கராஜ் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலும் ஊருக்குக் கேட்டது.

"திருவேங்கடம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. ஏற வேண்டியவங்க ஏறிக்கிடலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏறிக்கிடு மக்கா."

தங்கபாய் பையை எடுத்தாள். ஏறினாள். வண்டி வளைந்து போவதை அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஷிப்டு முடிந்ததும் காக்கிச் சட்டையோடேயே கோவிலுக்குப் போனார். ஐயர் இவரைக் கண்டதும் எழுந்துவிட்டார். "மணியடிக்கச் சொல்லுங்க ஐயரே" என்றார்.  ஐயர் மணியடிக்கிற கோயில்குட்டியாரைக் கூப்பிட்டார். ஒன்று. ஊர் நின்றது. இன்னொன்று. கடைவீதியில் "யாருக்கு? யாருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, பதில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது, பையன்கள் எவனும் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. மாணிக்கராஜ் மணிக்கூண்டுக்குக் கீழே மப்ளரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, கடைசி அடியின் ரீங்காரம் ஓயும்வரை நின்றார்.

சாயந்திரம் தங்கபாய் வந்தபோது வீடு திறந்தே கிடந்தது.

"மணி அடிச்சாச்சு மக்கா."

"தெரியும் மாமா. வண்டியிலயே சொன்னாங்க."

தையல் பையை ஆணியில் மாட்டினாள். பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்: "இனிமே தட்டுமா மாமா?"

"தட்டட்டும். தட்டுனா நான் போய்த் திறக்கேன். என் மகன், நான் பாத்துக்கிடுதேன். நீ எந்திரிக்காதே."

அப்போதுதான் அவள் அழுதாள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. அவர் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, மொண்ட கையைத் துடைக்க ஒன்றும் அகப்படாமல் மப்ளரில் துடைத்துக்கொண்டார்.

லெந்து என்கிற தவக்காலம் முடிந்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்தார்கள். தேவதாசனுக்கும் தங்கபாய்க்கும் விவாகம்; ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஐயர் கேட்டபோது, மூன்று தடவையும் சபை மாணிக்கராஜைத்தான் திரும்பிப் பார்த்தது. அவர் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று மகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தகப்பன் மாதிரி அவளைக் கைபிடித்து அழைத்து வந்தவரும் அவர்தான். பந்தியில் பிரியாணிக்கு உப்புப் பற்றவில்லை என்று சமையல்காரரோடு ஒரு சண்டையும் போட்டார். எதையாவது சண்டை போடாமல் அன்றைக்கு அவரால் நின்றிருக்க முடியாது.

இப்போது தனியாக இருக்கிறார். ரேடியோ பாதுஷா கடையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளிலும் காலை ஷிப்டு. மழை நாட்களில் சில சமயம் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே தலையை ஒருபக்கமாகச் சாய்ப்பார். ஏதோ கேட்கிறது போல. பிறகு எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டு வந்து உட்காருவார். பயணிகள் காத்திருப்பார்கள். யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

அன்றைக்கு அந்த ஆட்டக்காரன் கோட்டைத் தொட்டானா, விழுந்தானா? மாணிக்கராஜ் யாரிடமும் கேட்கவில்லை. கொக்கு ஜெயித்ததா தோற்றதா என்று பஸ் ஸ்டாண்டே அவரைக் கேட்டது. டிரைவர், கண்டக்டர், டீக்கடை, பூக்காரி எல்லாரும். "எனக்குத் தெரியாதுவே" என்பார். அதுதான் உண்மை.

இதை எழுதுகிறவன் அந்த பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் விற்கிறவன். ஒற்றைக் காலில் நின்ற கூட்டத்துக்குத் தலைவனும் அவனே. எழுதி முடிக்கப் போகிற நேரத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கூண்டுக்குப் போய், ஆட்டத்தின் சட்டதிட்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்டான். எத்தனை பேர் ஆடுவார்கள், பந்து எப்படி இருக்கும், கோட்டைத் தொட்டால் எத்தனை பாயிண்ட்டு. அண்ணாச்சி பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பந்து என்றால் இரண்டு முனையும் கூம்பிய மட்டைத் தேங்காய் என்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு வலை வழியாக அவனை உற்றுப் பார்த்தார்.

"ஏலே, பாதுஷா உன்கிட்ட சொல்லிட்டான், என்ன?"

"என்னத்த அண்ணாச்சி?"

"அன்னைக்கு அவன் கடை ரேடியோ அணையலியே."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. சத்தியமா."

"தெரியாதவன் எல்லாம் வந்து ஜெயிச்சாங்களா, தோத்தாங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டான். இந்த பஸ் ஸ்டாண்டுலயே அதைக் கேக்காத பய நீ ஒருத்தன்தாம்லே."